கோட்டைக்குள் ஒரு மாதா கோவில்: செயின்ட் மேரீஸ் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னை செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குள், தலைமைச் செயலகத்துக்குப் பின்னால், வெள்ளைச் சுண்ணாம்பு பூசிய ஒரு சின்ன ஆலயம் இருக்கிறது. செயலகத்துக்கு மனு கொடுக்க வருகிறவர்களில் பலர் அதைக் கவனிக்காமலே திரும்பிவிடுவார்கள். கூட்டிப்போய்க் காட்டும்போதெல்லாம் நண்பர்கள் ஏறக்குறைய இதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

இதுதான் சென்னையின் மிகப் பழைய தேவாலயமா?

இல்லை. போர்த்துகீசியர்கள் ஆங்கிலேயருக்கு முன்பே வந்துவிட்டார்கள். மயிலாப்பூர் லஸ் கோவிலில் உள்ள கல்வெட்டு 1516 என்கிறது. சாந்தோமிலும் சின்னமலையிலும் அதே நூற்றாண்டில் கோவில்கள் எழுந்துவிட்டன. அவையெல்லாம் கத்தோலிக்கக் கோவில்கள்.

செயின்ட் மேரீஸ் இந்தியாவின் மிகப் பழைய ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை) ஆலயம். 1680 அக்டோபர் 28 அன்று பிரதிஷ்டை ஆனது. கோட்டைக்குள் இன்று நிற்கும் ஆங்கிலேயர் காலக் கட்டடங்களிலும் இதுவே மூத்தது என்பார்கள். சுற்றியிருந்த மாளிகைகளை இடித்தார்கள், மாற்றிக் கட்டினார்கள், விரித்தார்கள். இது மட்டும் அப்படியே நின்றது. ஏன் நின்றது என்பதற்குக் கீழே பதில் வருகிறது.

ஆர்மேனியன் தெருவில் இருப்பதும் செயின்ட் மேரீஸ்தானே?

இந்தக் குழப்பம் எல்லோருக்கும் வரும். கொஞ்ச தூரத்துக்குள் மூன்று மரியாள் கோவில்கள் இருக்கின்றன. கோட்டைக்குள் இருப்பது ஆங்கிலிக்கன் கோவில். இப்போது தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தது. கோட்டைக்கு வெளியே, ஆர்மேனியன் தெருவில் இருப்பது கத்தோலிக்க இணைப் பேராலயம். அதன் தொடக்கம் 1658, கப்புச்சின் சபைத் துறவிகள் எழுப்பியது. அதே தெருவில் ஆர்மேனியர்கள் தங்களுக்கென்று கட்டிய மரியாள் கோவில் மூன்றாவது. 1712இல் எழுந்து, 1772இல் திரும்பக் கட்டப்பட்டது. பெரிய மணிகள் உள்ள கோவில் எது என்று கேட்டால் அதைத்தான் காட்டுவார்கள்.

ஆர்மேனியன் தெருவை நம் ஆட்கள் ‘அரண்மனைக்காரன் தெரு’ ஆக்கிவிட்டார்கள் என்பது தனிக் கதை. வழி கேட்கும்போது “கோட்டைக்குள் இருக்கிற சர்ச்” என்று சேர்த்துச் சொல்லிவிடுங்கள், பிரச்சினை இல்லை.

கோட்டை வந்து நாற்பது வருடம் கழித்துத்தான் கோவிலா? ஏன் அவ்வளவு தாமதம்?

கிழக்கிந்தியக் கம்பெனி இங்கே வந்தது துணி வாங்க. 1639இல் இடம் கிடைத்து, 1640இல் கோட்டை வேலை தொடங்கியது. பண்டகசாலை, மதில், பீரங்கி மேடை என்று எல்லாம் வந்தன. கோவில் மட்டும் வரவில்லை. ஆராதனை கம்பெனி வீட்டுக் கூடத்தில் நடந்துகொண்டிருந்தது. இதில் வேடிக்கை என்னவென்றால், கோட்டைக்குள் முதலில் கோவில் வைத்துக்கொண்டவர்கள் கத்தோலிக்கர்கள். அங்கே குடியிருந்த போர்த்துகீசியக் குடும்பங்களுக்காகப் பிரெஞ்சு கப்புச்சின் துறவி ஒருவர் 1642இலேயே ஊழியம் தொடங்கிவிட்டார். ஊர் எஜமானர்களான ஆங்கிலேயர் சாப்பாட்டு மேசை போட்ட கூடத்தில் ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தார்கள்.

1678 தொடக்கத்தில் ஸ்ட்ரெயின்ஷம் மாஸ்டர் என்பவர் கோட்டையின் தலைவராக வந்தார். கம்பெனியின் லண்டன் தலைமையிடம் போய்க் கையேந்தினால் கடிதம் போய்வரவே ஒன்றரை வருடம் ஆகும். அவர் ஒரு சந்தா நோட்டைத் திறந்து, தன் பெயரில் 100 வராகன் (அந்தக் காலத் தங்க நாணயம்) எழுதிவிட்டு, மற்றவர்களிடம் நீட்டினார். மொத்தம் சேர்ந்தது 805 வராகன். நம் ஊரில் கோவில் திருப்பணிக்கு ரசீது புத்தகம் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போவார்களே, அதே முறைதான். தலைவரே நோட்டை நீட்டினால் கீழே வேலை பார்க்கிறவர் என்ன செய்வார் என்பதையும் நாம் யூகித்துக்கொள்ளலாம்.

மேரி என்ற பெயர் எப்படி வந்தது?

வேலை தொடங்கிய நாள் 1678 மார்ச் 25. கிறிஸ்தவ நாட்காட்டியில் அது மரியாளுக்குத் தேவதூதன் மங்கள வார்த்தை சொன்ன திருநாள். அந்த நாளின் பெயரே கோவிலுக்கும் நின்றுவிட்டது.

யார் கட்டியது? கட்டடக் கலைஞர் யார்?

இந்தக் கோவிலைப் புரிந்துகொள்ள இதுதான் முதல் கேள்வியாக இருந்திருக்க வேண்டும். அந்தக் கோட்டையில் கட்டடக் கலைஞர் என்று தனியாக யாரும் கிடையாது. வரைவைச் செய்தவராகச் சொல்லப்படுபவர் கோட்டையின் தலைமைப் பீரங்கி வீரர் வில்லியம் டிக்சன். எட்வர்ட் ஃபௌல் என்ற இன்னொருவர் பெயரையும் சொல்வார்கள். அவரும் பீரங்கிக்காரர்தான்.

ஒரு பீரங்கிக்காரரிடம் கோவில் கட்டச் சொன்னால் அவர் என்ன நினைப்பார்? குண்டு எங்கிருந்து வரும், எங்கே விழும், விழுந்தால் எது தீப்பிடிக்கும் என்றுதான் நினைப்பார். செயின்ட் மேரீஸின் ஒவ்வொரு சுவரிலும் அந்த நினைப்பு தெரிகிறது.

செங்கலைச் சுமந்து சுண்ணாம்பு அரைத்த கொத்தனார்கள், சித்தாள்கள் இந்த ஊர்க்காரர்கள். உள்ளேயும் வெளியேயும் எத்தனையோ பெயர்களைக் கல்லில் வாசித்துவிட்டேன், அவர்களில் ஒருவர் பெயரும் கண்ணில் படவில்லை.

கூரை ஏன் பீப்பாயைப் பாதியாக வெட்டிக் கவிழ்த்தது போல இருக்கிறது?

குண்டுக்காக. அந்தக் காலத்துக் கட்டடங்களில் முதலில் போவது கூரைதான். தேக்கு உத்தரம், அதன் மேல் கட்டை, அதன் மேல் செங்கல் தளம் என்பது மெட்ராஸ் வழக்கம். நல்ல கூரைதான், ஆனால் எரிகிற குண்டு ஒன்று விழுந்தால் உத்தரம் பற்றிக்கொள்ளும், தளம் மொத்தமாக இறங்கிவிடும்.

டிக்சன் கூரையில் மரமே வைக்கவில்லை. உள்ளே நீளவாக்கில் மூன்று பகுதிகள்: நடுக்கூடம் ஒன்று, இரண்டு பக்கமும் ஒவ்வொரு பக்கக்கூடம். மூன்றின் மேலும் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் மட்டுமே கொண்டு கட்டிய அரைவட்ட வளைகூரை. அதன் தடிமன் சுமார் 2 அடி. வளைந்த பரப்பில் மோதும் குண்டு நேராகக் குத்தாமல் வழுக்கிக்கொண்டு போக வாய்ப்பு அதிகம்.

சரி, வளைகூரைக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. அது தன் எடையைக் கீழ்நோக்கி மட்டும் தள்ளாது, பக்கவாட்டிலும் தள்ளும். தாங்கும் சுவர் ஒல்லியாக இருந்தால் வெளியே சாய்ந்து, கூரை நடுவில் பிளந்துவிடும். இங்கே நடுக்கூரையின் தள்ளுதலைப் பக்கத்துக் கூரைகள் எதிர்த்துத் தாங்குகின்றன. பக்கத்துக் கூரைகளின் தள்ளுதலை வெளிச்சுவர் தாங்குகிறது. அதனால்தான் வெளிச்சுவர் சுமார் 4 அடி தடிமன். ஜன்னல் திட்டில் ஒரு ஆள் தாராளமாகக் காலை நீட்டி உட்காரலாம் போலிருக்கும். சித்திரை வெயிலில் உள்ளே நுழைந்தால் குளுகுளுவென்று இருப்பதற்கும் அந்தத் தடிமன்தான் காரணம். குண்டுக்குப் போட்ட சுவர் வெயிலுக்கும் உதவுகிறது.

மெட்ராஸ் சுண்ணாம்பு என்று பெருமையாகச் சொல்கிறார்களே, அது என்ன?

கடற்கரை ஊர் என்பதால் கிளிஞ்சல் தாராளமாகக் கிடைத்தது. கிளிஞ்சலைச் சுட்டு நீற்றினால் வெகு சுத்தமான சுண்ணாம்பு வரும். அதை மணலோடு சேர்த்து அரைத்து, வெல்லத் தண்ணீர் ஊற்றி, கடைசிப் பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கரு, நெய், தயிர் என்று சேர்ப்பார்கள். காய்வதற்குள் வழுவழுப்பான கல்லால் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். சரியாகத் தேய்த்தால் சலவைக்கல் போலப் பளபளக்கும். வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் தொட்டுப் பார்த்து, இது பளிங்கா என்று கேட்ட பூச்சு அது. நம் செட்டிநாட்டு வீட்டுச் சுவர்களைத் தடவிப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கோபுரம் மட்டும் ஒட்டவைத்தது போல இருக்கிறதே?

ஒட்டவைத்ததுதான். 1680இல் பிரதிஷ்டை ஆனபோது கோபுரம் இல்லை. அது 1701இல் வந்தது. அதன் மேல் கூர்முனை 1710இல் ஏறியது. குண்டு தாங்கும் கட்டடத்தின் பக்கத்தில், கடலிலிருந்தே குறி பார்க்கும்படியான ஓர் உயரத்தை எழுப்பினால் என்ன ஆகும்? போர்களில் அடிபட்டுத் திரும்பத் திரும்பச் செப்பனிட வேண்டி வந்தது. இன்று காணும் கூர்முனை 1790களில் கட்டியது. டிக்சன் இருந்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார் என்று எனக்குத் தோன்றும்.

குண்டு தாங்கும் கூரைக்கு உண்மையில் வேலை வந்ததா?

வந்தது. 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் மெட்ராஸைப் பிடித்து, 1749இல்தான் உடன்படிக்கைப்படி திருப்பித் தந்தார்கள். அப்புறம் 1758 டிசம்பரில் லாலியின் தலைமையில் பிரெஞ்சுப் படை கோட்டையை முற்றுகையிட்டது. 1759 பிப்ரவரி வரை குண்டு மழை. கோட்டைக்குள் பல வீடுகள் சிதைந்தன. ஆலயத்தின் வளைகூரை நின்றது. போர்க்காலங்களில் இந்தக் கட்டடம் படைவீரர்கள் தங்கவும் தானியம் சேர்த்து வைக்கவும் பயன்பட்டிருக்கிறது. ஜெபம் செய்யக் கட்டிய இடம் என்றாலும், கோட்டைக்குள் இருந்த மிக உறுதியான அறையும் அதுவாக இருந்தால் வேறு எங்கே நெல்லைக் கொட்டுவார்கள்?

வெளியே தரையெல்லாம் கல்லறைக் கற்கள். மிதிப்பதற்குச் சங்கடமாக இருக்கிறது. கீழே உடல்கள் இருக்கின்றனவா?

இதைக் கேட்காதவர்களே இல்லை. பதில்: முற்றத்துக் கற்களின் கீழே அந்தந்தப் பெயருக்குரியவர்கள் இல்லை.

ஆங்கிலேயரின் பழைய இடுகாடு கோட்டைக்கு வெளியே, இன்றைய உயர் நீதிமன்ற, பழைய சட்டக் கல்லூரிப் பகுதியில் இருந்தது. பெரிய பெரிய கூம்புகளும் மண்டபங்களுமாகக் கல்லறைகள் எழுப்பியிருந்தார்கள். லாலியின் முற்றுகையில் பிரெஞ்சு வீரர்களுக்கு அவை அருமையான மறைவிடம் ஆகிவிட்டன. இறந்துபோன ஆங்கிலேயரின் கல்லறைக்குப் பின்னால் நின்று உயிரோடு இருக்கும் ஆங்கிலேயரைச் சுட்டார்கள். முற்றுகை முடிந்ததும் முதல் வேலையாகக் கல்லறைகளைத் தரைமட்டமாக்கி, பெயர் பொறித்த பலகைக் கற்களை மட்டும் கொண்டுவந்து ஆலயத்தைச் சுற்றிப் பாவினார்கள்.

கதை அதோடு முடியவில்லை. ஹைதர் அலியோடு போர் வந்தபோது, 1782இல், மதில் மேல் பீரங்கி நிறுத்தக் கெட்டியான தளம் தேவைப்பட்டது. இந்தக் கற்களையே பெயர்த்துக்கொண்டு போனார்கள். போர் ஓய்ந்த பிறகு திரும்ப வந்து படுத்தன. சிலவற்றில் காணும் உடைசல்களை இந்தப் பயணத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

எழுத்துகளைக் கவனியுங்கள். ஆங்கிலம் மட்டும் இல்லை. லத்தீன், போர்த்துகீசியம், ஆர்மேனியம் எல்லாம் உண்டு. 1652இல் இறந்த எலிசபெத் பேக்கரின் கல், இந்தியாவில் உள்ள ஆங்கிலேயர் கல்லறைக் கற்களில் மிகப் பழையது என்பார்கள். ஆலயத்துக்கே 28 வருடம் மூத்த கல்!

உள்ளே யாராவது உண்மையில் புதைக்கப்பட்டிருக்கிறார்களா?

இருக்கிறார்கள். இரண்டு பேரைச் சொல்கிறேன்.

ஒருவர் மெட்ராஸ் ஆளுநராக இருந்த சர் தாமஸ் மன்றோ. தீவுத்திடலில் சேணம் இல்லாத குதிரை மேல் உட்கார்ந்திருப்பாரே, அவர்தான். ரயத்துவாரி முறையோடு சேர்த்துப் பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். 1827 ஜூலை 6 அன்று பத்திகொண்டாவில் காலராவில் இறந்தார். முதலில் குத்தி என்ற ஊரில் அடக்கம் செய்து, 1831இல் இங்கே கொண்டுவந்தார்கள்.

இன்னொருவர் பிகாட் பிரபு. லாலி முற்றுகையிட்டபோது கோட்டையைக் காத்த ஆளுநர் இவர். இரண்டாம் முறை ஆளுநராக வந்தபோது, 1776இல், அவருடைய சொந்த ஆலோசனைக் குழுவினரே அவரைக் கைது செய்தார்கள். காவலிலேயே 1777 மே மாதம் இறந்தார். கோட்டையைக் காப்பாற்றியவரை இந்தக் கோவிலில்தான் அடக்கினார்கள், ஆனால் கல்லில் பெயர் போடவில்லை. பிற்காலத்தில் வைத்த கல்லிலும் ‘நினைவாக’ என்ற பொருளில் இரண்டு லத்தீன் சொற்கள்தான் இருக்கின்றன. இந்த ஆலயத்தில் என்னை அதிக நேரம் நிறுத்திவைக்கும் கல் அது. பக்கத்துச் சுவர்களில் குட்டி அதிகாரிகளுக்கெல்லாம் பளிங்கில் பத்துப் பத்து வரி புகழ்மாலை!

கிளைவ் கல்யாணம் இங்கே நடந்தது நிஜமா?

நிஜம். 1753 பிப்ரவரி 18. மணமகள் மார்கரெட் மாஸ்கிலின். குமாஸ்தாவாக 1744இல் வந்த ராபர்ட் கிளைவ் அதற்குள் ஆற்காட்டு வீரர் ஆகிவிட்டார்.

வழிகாட்டிகள் இதை மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். நமக்கு வேண்டிய செய்தி அடுத்ததுதான். கல்யாணத்தை நடத்திவைத்தவர் ஜெர்மானிய மிஷனரி ஃபெப்ரீஷியஸ். வேப்பேரியில் இருந்துகொண்டு விவிலியத்தைத் தமிழில் பெயர்த்தவர், 1779இல் தமிழ் அகராதி தந்தவர். நம் மொழிக்கு அகராதி தந்த கை, பிளாசிப் போருக்குப் போகப்போகிற ஒருவருக்குத் தாலி கட்டாத கல்யாணம் நடத்திவைத்தது இந்தக் கூரையின் கீழேதான்.

யேல் பல்கலைக்கழகத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

பிரதிஷ்டை முடிந்த சில நாட்களில், 1680 நவம்பர் 4 அன்று, இங்கே பதிவான முதல் திருமணம் எலிஹு யேலுடையது. மணமகள் கேத்தரின், ஜோசப் ஹின்மர்ஸ் என்ற கம்பெனி அதிகாரியின் விதவை. யேல் பின்னால், 1687 முதல் 1692 வரை, ஆளுநராக இருந்தார். பதவியை வைத்துச் சொந்த வியாபாரம் செய்தார் என்ற குற்றச்சாட்டோடு பதவி போனது. அவர் காலத்தில் இந்தத் துறைமுகத்திலிருந்து அடிமைகளும் கப்பலேறினார்கள். இங்கே சேர்த்த செல்வத்தில் ஒரு சிறு பகுதியைப் பொருட்களாக அமெரிக்கக் கல்லூரி ஒன்றுக்கு அனுப்பிவைக்க, 1718இல் அது அவர் பெயரைச் சூட்டிக்கொண்டது.

அவருடைய சின்ன மகன் டேவிட் 1688இல் இறந்துபோனான். ஹின்மர்ஸ் பக்கத்திலேயே புதைத்தார்கள். பழைய இடுகாட்டை இடித்தபோது தப்பித்த மிகச் சில கல்லறைகளில் அதுவும் ஒன்று. பழைய சட்டக் கல்லூரி வளாகத்தில் தனித்து நிற்கும் கூம்பு அதுதான்.

பலிபீடத்தின் மேல் உள்ள ஓவியம் யார் வரைந்தது?

இயேசுவின் கடைசி இராவுணவுக் காட்சி அது. வரைந்தவர் பெயர் இல்லை. 1761இல் பாண்டிச்சேரி வீழ்ந்தபோது அங்கிருந்து எடுத்து வந்தது என்பது வழிவழியாகச் சொல்லும் செய்தி. அதே கொள்ளையில் வந்த அச்சகம் ஒன்று வேப்பேரிக்குப் போய், ஃபெப்ரீஷியஸின் தமிழ்ப் புத்தகங்களை அச்சடித்தது. ஓவியத்தைவிட அதுதான் நமக்கு லாபம்.

சுவார்ட்ஸ் ஐயரின் கல்லறை தஞ்சாவூரில்தானே இருக்கிறது? இங்கே ஏன் சிலை?

இங்கே இருப்பது நினைவுச் சின்னம் மட்டும். 1798இல் தஞ்சாவூரில் இறந்த ஜெர்மானிய மிஷனரி சுவார்ட்ஸ் ஐயருக்கு சரபோஜி மன்னர் ஒரு பளிங்குச் சிற்பம் செய்யச் சொல்லித் தஞ்சையில் வைத்தார். கம்பெனி தன் பங்குக்கு இளைய ஜான் பேக்கன் என்ற சிற்பியிடம் ஒன்று செய்து இங்கே வைத்தது. ராஜாவும் கம்பெனியும் ஒரே பாதிரியாருக்குப் போட்டி போட்டுக்கொண்டு பளிங்கு வைத்தது தமிழ்நாட்டில் வேறு யாருக்கு நடந்திருக்கிறது?

இப்போதும் ஆராதனை நடக்கிறதா? நாங்கள் போய்ப் பார்க்கலாமா?

நடக்கிறது, ஆங்கிலத்தில். பார்க்கவும் போகலாம். கோட்டைக்குள் செயலகமும் ராணுவமும் இருப்பதால் வாசலில் சோதனை உண்டு. அடையாள அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். கோட்டை ரயில் நிலையத்தில் இறங்கினால் நடந்தே வந்துவிடலாம். முன்பு ஆலயத்துக்குள் தொங்கிய படைப்பிரிவுக் கொடிகளைத் தேடாதீர்கள், அவை கோட்டை அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டன.

நேரம் குறைவு. ஒன்றே ஒன்றை மட்டும் பார்ப்பதென்றால்?

ஞானஸ்நானத் தொட்டி. பல்லாவரம் மலையின் கருங்கல்லில் குடைந்தது, ஆலயத்தோடு சேர்ந்து வயதானது. பின்னாளில் கொல்கத்தாவுக்கு அடிபோட்ட ஜாப் சார்னாக், தன் மூன்று பெண்களுக்கும் 1689 ஆகஸ்டில் இந்த ஆலயத்தில்தான் ஞானஸ்நானம் கொடுக்க வைத்தார். அவர் இறந்தபோது கொல்கத்தாவில் அவர் கல்லறைக்குப் போட்ட கல்லும் பல்லாவரத்திலிருந்து போனதுதான். 1893இல் தாமஸ் ஹாலந்து என்ற பாறை ஆய்வாளர் அந்தக் கல்லறைக் கல்லைப் பார்த்து இந்தப் பாறை வகைக்கே சார்னோக்கைட் என்று பெயர் வைத்தார். உலகத்தில் எங்கே இந்தப் பாறை கிடைத்தாலும் இன்றைக்கு அதுதான் பெயர். விமான நிலையத்துக்குப் போகும் வழியில் பல்லாவரத்து மலையைப் பார்த்திருப்பீர்களே, அது முழுக்க இந்தக் கல்தான்.